மாப்பிள்ளைக்கு மூடிய கோட்டை வாசல்

முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி ‘ஓய்வு பெறுகிறேன்’ என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. ஆனால் இந்தக் கோட்டையில் தமிழில் வழிகாட்டும் வேலைக்கு எனக்கு முன்னால் யாரும் வந்ததில்லை. ஆகவே இதிலிருந்து விலகிப் போகும் முதல் ஆளும் நான்தான். அடுத்த மாதம் சுண்ணாம்புச் சாந்தையும் பழைய கல்லையும் பற்றிப் படிக்க வேறு ஊருக்குப் போகிறேன். சனிக்கிழமை வழிகாட்டு நடைகள் இனி புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருடையவை.

கழிப்பறை எந்தப் பக்கம், மழை வந்தால் கூட்டத்தை எங்கே ஒதுக்குவது, கோபுரப் படியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் பயிற்சிக் கோப்பில் இருக்கிறது. நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கோப்பில் இல்லாத ஒரு காலையைப் பற்றி. அந்தக் காலையில் நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்றால் எழுதவே மாட்டேன் போலிருக்கிறது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நம் ஆட்கள் இந்த இடத்துக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ‘யார் கட்டினது’ இல்லை. ‘யார் உடைச்சது’ என்பதுதான். லண்டனில் ஹரோவில் இருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து வேனில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் ஒரே மூச்சில் பதில் சொல்வேன். ராஜாவிடம் அனுமதி வாங்கி ஒரு பிரபு கட்டினார். அவர் பேரன் காலத்தில் முற்றுகை வந்தது, வாசல் கதவு எரிந்தது, கருகிச் சிவந்த கற்களை இன்றும் பார்க்கலாம். பிறகு ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை. சண்டையில் வென்ற பாராளுமன்றம், இனி யாரும் இதற்குள் ஒளிந்து சண்டை போடக்கூடாது என்று வடக்கு மதிலை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. அதன் பிறகு ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டினார்கள், ரயில் பாதை வந்து அகழியின் ஒரு பக்கத்தைத் தின்றது, உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்து மிச்சத்தை உலுக்கியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் கலந்த செயற்கைக் கல்லால் ஓட்டைகளை அடைத்தார்கள். சிமெண்ட் தண்ணீரை வெளியே விடாது. உள்ளே நின்ற ஈரம் பழைய கல்லை அரித்துவிட்டது.

இப்படி வரிசையாகச் சொன்னால் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருக்கும். கூட்டமும் தலையாட்டும். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன், அந்தக் கல்யாணம் வரும்வரை.

பெரிய மண்டபத்தைக் கல்யாணங்களுக்கு விடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் எல்லாத் தமிழர் வழக்கமும் தெரியும் என்று அலுவலகம் முடிவு செய்து, தமிழ்க் கல்யாணம் என்றாலே என்னைப் போட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் மலேசியாவின் ஈப்போவில் இருந்து படிக்க வந்து ஹரோவிலேயே தங்கிவிட்டவர்கள். யாழ்ப்பாணத்துக் கல்யாணம் என்றால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதோடு என் அறிவு சரி. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது. புதிதாக எது கொடுத்தாலும் கையை நீட்டிவிடுவேன். உங்களில் ஒருவருக்கும் அந்தக் குணம் இருக்கிறது. யார் என்று சொல்லவில்லை.

பெண் வீடு தெற்கு லண்டனில் நோர்பரி, யாழ்ப்பாணத்துக்காரர்கள். பெண்ணின் அம்மாதான் எல்லாவற்றையும் பேசினார். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது வாசலில் சிதறு தேங்காய் அடிப்பார்கள் என்றார். பழைய கல்லின் மேல் எதையும் உடைக்கக்கூடாது என்பது இங்கே விதி. நான் யோசித்து, தோட்டச் சாமான் கடையில் ஒரு சிமெண்ட் பலகைக் கல் வாங்கி வந்து, வாசலுக்குப் பக்கத்துப் புல்லில் போட்டு, துடைத்து, ஒரு பூவும் வைத்தேன். எனக்கு என் மேல் பெருமையாக இருந்தது.

கல்யாண நாள் காலை. பெண்ணும் பெண் வீட்டாரும் முன்னமே உள்ளே போய்விட்டார்கள். நாதஸ்வரமும் தவிலும் முன்னே வர, மாப்பிள்ளை வீட்டார் அகழிப் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். தேங்காய் வைத்திருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அதற்கு முன்னால் வெகுகாலம் ஜெர்மனியில் இருந்தவர். நான் ஓடிப் போய் புல்லில் கிடந்த கல்லைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, மாப்பிள்ளை புல்லுக்குள்ளாலையோ வாறார்?”

வாசற்படிக்கு நேரேதான் உடைக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படியானால் கல்லை வாசலுக்கு நகர்த்துகிறேன், ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வாசலுக்கு முதுகு காட்டியபடி அதை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் தேங்காய் சிதறும் சத்தம் கேட்டது. தவில் உச்சத்துக்குப் போனது. என் காலருகில் ஒரு சில்லு உருண்டு வந்தது.

திரும்பினேன். வாசற்படி முழுக்கத் தேங்காய்த் தண்ணீரும் சிரட்டைத் துண்டுகளும். அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு கல்.

ஒரு பக்கம் மழைக்கறை படிந்து கறுத்திருந்தது. மறுபக்கம் அப்போதுதான் பிரிந்த மாதிரி வெளிறியிருந்தது. கீழே பார்த்தேன். வாசற்படியின் ஓரத்தில் ஒரு குழி, அதுவும் வெளிறியிருந்தது. சரி, தேங்காய்தான் என்று நினைத்தேன். பிறகு ஏனோ மேலே பார்த்தேன். தலைக்கு மேலே வளைவின் அடிப்பக்கத்தில், நிழலுக்குள், இன்னொரு வெளிறிய இடம். அது நேற்று இருந்ததா? போன வருடம் இருந்ததா? அந்த வளைவுக்குக் கீழே நின்று எத்தனையோ தடவை எரிந்த கதவின் கதையைச் சொல்லியிருக்கிறேன். எப்போதும் கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். வளைவை ஒரு நாளும் பார்த்ததில்லை.

கல்லை எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது போலவும் இருந்தது, ஆடியது போலவும் இருந்தது. விளிம்புகள் நொறுங்கியிருந்தன. வீடியோக்காரரிடம் கேட்டேன். அவர் மாப்பிள்ளையின் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாராம். மற்றவர்களும் மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் குழப்பம் உங்களுக்குப் புரியும். கல் கீழிருந்து பெயர்ந்தது என்றால், ஒரு தேங்காய் பழைய வாசற்படியைச் சேதப்படுத்திவிட்டது. வருத்தம்தான், ஆனால் பிறகு பேசிக்கொள்ளலாம். மேலிருந்து விழுந்தது என்றால், இன்னொன்றும் விழலாம். அந்த வளைவுக்குக் கீழே மாப்பிள்ளையும் தோழனும் குடை பிடிப்பவரும், பின்னால் தட்டுகளோடு நிற்கிற அத்தனை பெண்களும் மெதுவாக, நின்று நின்று, படம் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்.

கையை விரித்து நின்றேன். யாரும் உள்ளே போகாதீங்க என்றேன். தவில் தடுமாறி நின்றது.

எங்கள் பொறுப்பாளருக்குப் போன் போட்டேன். அவர் ரயிலில் இருந்தார். கல்லையும் குழியையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பார்த்துவிட்டு, தேங்காய்தான், சந்தேகமே இல்லை, கூட்டிப் பெருக்கிவிட்டு அவர்களை உள்ளே விடு, திங்கட்கிழமை பேசலாம் என்றார். வளைவைப் பற்றிச் சொன்னேன். அந்த வளைவில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதற்குள் கடைக்கார மாமாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்னால் வந்தார்.

“நான்தான் உடைச்சனான் பிள்ளை. என்ர பேரை எழுதுங்கோ. மாப்பிள்ளையை விடுங்கோ.”

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. பொறுப்பாளர் தேங்காய் என்கிறார். உடைத்தவரே நான்தான் என்கிறார். எல்லோருக்கும் ஒரே பதில், எல்லோருக்கும் வசதியான பதில். நான் ஒதுங்கி நின்றால் போதும், எல்லாம் நடக்கும். எனக்கு மட்டும் கால் நகரவில்லை. ஏன் என்று கேட்டால் நல்ல காரணம் ஒன்றும் சொல்லத் தெரியாது. கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மேளம் நின்றுபோனதைக் கேட்டு உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வந்தார். வந்தவர் சரியாக வளைவுக்குக் கீழே நின்று, ஏன் இன்னும் மாப்பிள்ளையை எடுக்கவில்லை, உள்ளே அழைத்து வரவில்லை என்று கேட்டார்.

“ஆன்ட்டி, அங்க நிக்காதீங்க. தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வாங்க.”

“ஏன் நிக்கக்கூடாது? இது என்ர மகளின்ர கலியாணம்.”

நான் கையைப் பிடித்து இழுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டுச் சேலை கட்டிய, தலை நிறையப் பூ வைத்த, கல்யாணப் பெண்ணின் அம்மாவை. இதைப் பயிற்சிக் கோப்பில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. வெளியே வந்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் இன்னொன்று உறைத்தது: மாப்பிள்ளையை உள்ளே நின்று வரவேற்க வேண்டியவர் இப்போது மாப்பிள்ளை வீட்டாரோடு வெளியே நிற்கிறார்.

வாசலுக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினேன். உள்ளே போக இன்னொரு வழிதான் உண்டு, வடக்கு மதிலில் பாராளுமன்றம் தகர்த்த அந்த இடைவெளி. ரயில் வேலிப் பக்கம் புல்சரிவு ஏறிப் போனால் நேரே முற்றம். அதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பெண்ணின் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“இடிஞ்ச மதிலுக்குள்ளாலையோ மாப்பிள்ளை எடுக்கிறது? பிரேதம் கொண்டுபோகத்தான் மதிலை இடிக்கிறது, தெரியுமோ உமக்கு?”

தெரியாது. எனக்கு உண்மையாகவே தெரியாது. கெட்ட நாளில் ஒருவர் இறந்தால் வாசல் வழியாகக் கொண்டுபோகாமல் மதிலையோ வேலியையோ பிரித்துக் கொண்டுபோவார்கள் என்று பின்னால் நின்ற ஒரு அக்கா எனக்கு மெல்லிய குரலில் விளக்கினார். ஒரு பக்கம் விழுமோ விழாதோ தெரியாத ஒரு கல். மறுபக்கம் ஒரு அம்மா, தன் மகளின் மணவாழ்க்கையின் முதல் நாளில் இதைத் தாங்கிக்கொள்ள வேண்டும், இனி அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் இந்த மதில் நினைவுக்கு வரும். ஒன்றை எடை போட்டு மற்றதோடு ஒப்பிடத் தராசு எங்கே இருக்கிறது? முகூர்த்தமோ போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த குருக்கள் வாசலுக்கு எதிரே வந்து எந்தப் பக்கத்தால் போவது என்று கேட்டார். நான் வலதுபக்கம் கை காட்டினேன். அதுதான் குறுக்குவழி, நம் அவசர வழிப் பலகைகளும் அதைத்தான் காட்டுகின்றன. அவர் அசையவில்லை. அந்தப் பக்கம் போனால் கோட்டை இடக்கைப் பக்கம் வரும் என்றார். மற்றப் பக்கத்தால் போக ஏலாதோ என்றார். போகலாம், ஆனால் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, நீளமான வழி என்றேன்.

“நீளமெண்டாப் பரவாயில்லை. வலம் வந்து உள்ளுக்குப் போவம். வலம் வந்தவனுக்கு எது வாசல் எண்டு ஆரும் கேக்கமாட்டினம்.”

எல்லோரும் பெண்ணின் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

“மாமி, எந்தப் பக்கத்தால வந்தாலும் நான்தானே வாறன்.”

பெண்ணின் அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் ஆளாக இடதுபக்கம் நடக்க ஆரம்பித்தார். நாதஸ்வரக்காரர் அவசரமாக ஓடி அவருக்கு முன்னால் போய் ஊதத் தொடங்கினார்.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தது. குதிகால் செருப்புகள் புல்லில் புதைந்து புதைந்து வந்தன. தோழன் ஒரு கையால் மாப்பிள்ளையின் வேட்டியையும் மறுகையால் தன் வேட்டியையும் தூக்கிப் பிடித்திருந்தார். குப்பைத் தொட்டிகளைக் கடக்கும்போது குருக்கள் மட்டும் கண்ணை நேரே வைத்துக்கொண்டு போனார். வேலிக்கு அப்பால் ஒரு ரயில் வந்து மெதுவாகியது, ஜன்னல் ஜன்னலாகப் போன்கள் உயர்ந்தன. மதில் இடைவெளியில் ஏறி உள்ளே வந்தபோது, மண்டப முற்றத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க நாற்காலியோடு திரும்பியது. தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது. பெண் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் மட்டும் தாலி ஏறியதும் திரும்பி வந்து, கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைவரை ஒரு மணல் துகள்கூட விழவில்லை. ஒரு கட்டத்தில் ஏதாவது விழாதா என்று நினைத்தேன். நினைத்த அடுத்த நொடியே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் கல் வல்லுநர் வந்து ஏணி வைத்துப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டு பழைய கல்லே இல்லை, அடைப்புக்குப் போட்ட செயற்கைக் கல் என்றார். அதே கலவையால் வளைவின் அடியையும் பூசியிருக்கிறார்கள், வாசற்படியையும் பூசியிருக்கிறார்கள். மேலே ஒரு இடம் பெயர்ந்திருக்கிறது, எப்போது என்று சொல்ல முடியாது. கீழேயும் பெயர்ந்திருக்கிறது, அதுவும் அப்படித்தான். தட்டிப் பார்த்தால் மேலே ஓரிடத்தில் உள்ளே வெற்றாகக் கேட்கிறது, அதற்காக விழும் என்று அர்த்தமில்லை. சாரம் கட்டி முழுக்கப் பார்க்கும்வரை வாசல் மூடியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீ செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் கோட்டையின் சேதத்தை ஒரே மூச்சில் சொல்வதில்லை. முற்றுகைக் காலத்து நெருப்பு, பாராளுமன்றத்து வெடி என்று சொல்லும்போதெல்லாம், அதையும் யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னார்களா, அல்லது எல்லோருக்கும் வசதியாக இருந்த பதிலா என்று ஒரு சின்னத் தயக்கம் வரும். ‘என்று நினைக்கிறார்கள்’ என்று சேர்த்துக்கொள்கிறேன். கேட்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சனிக்கிழமை நடைக்குக் கடைக்கார மாமா வந்தார். தனியாக. கூட்டத்தின் கடைசியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவர், மூடிய வாசலின் கயிற்றடிக்கு வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டார்.

“பிள்ளை, நான் உடைச்சதோ இல்லையோ? வீட்டில இண்டைக்கும் என்னைக் கோட்டை உடைச்சவன் எண்டுதான் சொல்லுகினம்.”

“தெரியல அங்கிள். நீங்கதானே அன்னைக்கு உடைச்சேன்னு சொன்னீங்க?”

“அது நீங்கள் வாசலைத் திறக்கட்டும் எண்டு சொன்னது.”

“அப்ப நீங்க பாக்கலையா?”

“நான் கண்ணை மூடிக் கும்பிட்டுத்தான் தேங்காய் அடிக்கிறனான்.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். கடையில் அவர் தேங்காய் விற்றால் கட்டிடம் கவனம் என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் சிரித்தார். நான் வல்லுநர் சொன்னதை அப்படியே சொன்னேன்: கீழே ஒரு இடம், மேலே ஒரு இடம், எதுவென்று தெரியாது.

அவர் மேலே பார்த்தார். வளைவில் நான் காட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும், அதற்கு நேர் கீழே வாசற்படியைப் பார்த்தார். அன்று தான் நின்ற இடத்தை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்தை. சிரிப்பு நின்றுபோயிருந்தது. கை தானாக உயர்ந்து உச்சந்தலையைத் தடவியது.

“அப்ப நான் உடைச்சதெண்டே இருக்கட்டும்” என்றார்.

கூட்டத்தை அடுத்த இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தலையில் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றிருந்தார்.

அவர் மறுபடியும் வருவார். அடுத்த தடவை உங்களில் ஒருவரிடம் கேட்பார். அவர் உடைத்தார் என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது ஆறுதலாக இருந்தாலும் சரி. உடைக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவரையும் கூட்டிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி நின்று சொல்லுங்கள்.